கருத்தடை மாத்திரைக்குச் சீட்டு எதற்கு? மருந்துக்கடையில் கேட்க வேண்டியதும் கேட்கக் கூடாததும்

2023 ஜூலை 13 அன்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒரு மாத்திரைக்கு அனுமதி கொடுத்தது. பெயர் ஓபில். டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கிக்கொள்ளக்கூடிய தினசரிக் கருத்தடை மாத்திரை அந்த நாட்டில் அதுதான் முதல். அதில் நார்ஜெஸ்ட்ரல் என்ற ஒரே ஒரு ஹார்மோன் 0.075 மில்லிகிராம் இருக்கிறது. புது மருந்து என்று நினைத்துவிட வேண்டாம். இதே மருந்துக்கு இதே அளவில் அங்கே 1973-லேயே அனுமதி கிடைத்திருந்தது. அப்போது சீட்டு கட்டாயம். ஐம்பது வருஷமாக மாத்திரை அப்படியேதான் இருந்தது. பெண் அதைத் தானே கேட்டு வாங்கலாமா என்ற கேள்விக்கு 'சரி' என்று சொல்லத்தான் அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

அனுமதிக்கு இரண்டு மாதம் முன்பு, மே மாதத்தில், நிபுணர் குழு கூடி விவாதித்தது. எஃப்.டி.ஏ. அதிகாரிகளே பல சந்தேகங்களைக் கிளப்பினார்கள். மார்பகப் புற்றுநோய் வந்த பெண் இது தனக்கு ஆகாது என்று அட்டைப்பெட்டியைப் படித்தே புரிந்துகொள்வாரா? தினமும் ஒரே நேரத்தில் சாப்பிடுவாரா? பதின்வயதுப் பெண்களுக்கு விவரம் புரியுமா? ஆய்வில் கலந்துகொண்டவர்களில் சிலர் கையில் கொடுத்ததைவிட அதிக மாத்திரை சாப்பிட்டதாகப் பதிவு செய்திருந்தது வேறு சங்கடமாக இருந்தது. எல்லாவற்றையும் கேட்ட பிறகு குழு வாக்களித்தது. சீட்டு வேண்டாம் என்று 17 பேர், வேண்டும் என்று ஒருவர்கூட இல்லை.

உலகக் கணக்கில் பார்த்தால் அமெரிக்கா தாமதமாக வந்த நாடு. 2013-இல் வெளியான ஒரு ஆய்வு 147 நாடுகளின் நிலையைத் தொகுத்தது. 35 நாடுகளில் மாத்திரையைச் சீட்டில்லாமல் விற்கச் சட்டமே இடம் கொடுத்திருந்தது. 11 நாடுகளில் சீட்டு வேண்டாம், ஆனால் மருந்துக்கடையிலோ சுகாதாரப் பணியாளரிடமோ சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். 45 நாடுகளில் சீட்டு கண்டிப்பாக வேண்டும். மிச்சமுள்ள 56 நாடுகள்தான் மிகப் பெரிய கூட்டம். அங்கே சட்டப்படி சீட்டு வேண்டும், நடைமுறையில் கடைக்காரர் கேட்பதில்லை.

இந்த 56-ஐ அப்படியே கடந்துபோக முடியவில்லை. 'எப்படியோ கிடைக்கிறதே, அப்புறம் என்ன' என்று தோன்றலாம். ஆனால் சட்டப்படி விற்கக் கூடாத ஒன்றை விற்பவருக்கு, அதை எப்படி விற்க வேண்டும் என்று யாரும் பயிற்சி கொடுக்க மாட்டார்கள். அவரும் பேச்சை நீட்டாமல், காகித உறையில் போட்டு நீட்டிவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார். வாங்கியவருக்கு எப்போது தொடங்குவது, மறந்தால் என்ன செய்வது, எந்த அறிகுறிக்குப் பயப்பட வேண்டும் என எதுவும் தெரியாது. மாத்திரை கையில் இருக்கிறது, விவரம் கையில் இல்லை. இந்த இருட்டுக்குக் காரணம், யாரும் பின்பற்றாமல் ஏட்டில் மட்டும் இருக்கும் அந்த விதிதான் என்பது என் எண்ணம்.

சீட்டு வந்த கதை

சீட்டு வேண்டும் என்ற விதி ஆரம்பத்தில் காரணமில்லாமல் வந்ததில்லை. 1951-இல் மெக்சிகோ நகரில் சின்டெக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் கார்ல் ஜெராசியின் குழுவில் இருந்த லூயிஸ் மிரமோன்டெஸ் என்ற இளைஞர் நார்எதின்ட்ரோன் என்ற செயற்கை ஹார்மோனை உருவாக்கினார். அமெரிக்காவில் கிரிகரி பின்கஸ், மின் சூ சாங், ஜான் ராக் ஆகியோர் இத்தகைய ஹார்மோன்களைக் கருத்தடைக்குப் பயன்படுத்தும் ஆராய்ச்சியை நடத்தினார்கள். அதற்குப் பெரும் பணம் கொடுத்தவர் கேத்தரின் மெக்கார்மிக், அவரைச் சம்மதிக்க வைத்தவர் கருத்தடை உரிமைக்காகப் போராடிய மார்கரெட் சாங்கர். 1956-இல் புவெர்ட்டோ ரிக்கோவில் பெரிய அளவில் சோதனை தொடங்கியது. தாங்கள் ஒரு சோதனையில் இருக்கிறோம் என்ற விவரம்கூட அங்கிருந்த ஏழைப் பெண்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. குமட்டல், தலைசுற்றல் என்று அவர்கள் சொன்ன புகார்களும் லேசாகவே எடுத்துக்கொள்ளப்பட்டன. இந்த மாத்திரையின் வரலாற்றில் மறக்கக் கூடாத பக்கம் இது.

எனோவிட் என்ற அந்த முதல் மாத்திரை 1957-இல் மாதவிடாய்க் கோளாறுக்கும், 1960-இல் கருத்தடைக்கும் அனுமதி பெற்றது. அதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வகையைச் சேர்ந்த மெஸ்ட்ரனால் 0.15 மில்லிகிராம், கூடவே புரோஜெஸ்டின் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன் 9.85 மில்லிகிராம். இப்படி இரண்டும் சேர்ந்த இன்றைய கூட்டு மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் 0.02-லிருந்து 0.035 மில்லிகிராம்தான். அந்தக் காலத்து அளவு எவ்வளவு அதிகம் என்று இதிலேயே தெரியும். 1961-லிருந்தே ரத்தம் உறைந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் வர ஆரம்பித்தன. 1969 டிசம்பரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, ஈஸ்ட்ரோஜன் 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் மாத்திரைகளை எழுத வேண்டாம் என்று டாக்டர்களுக்கு அறிவுறுத்தியது. 1970-இல் அமெரிக்க செனட்டில் விசாரணை நடந்தபோது, மாத்திரை சாப்பிடும் பெண் ஒருவரையும் சாட்சியாக அழைக்கவில்லையே என்று பார்வையாளர் வரிசையிலிருந்து பெண்கள் எழுந்து கேட்டார்கள். அந்தப் போராட்டத்தின் பலனாக மாத்திரைப் பெட்டிக்குள் எச்சரிக்கைத் தாள் வந்தது.

ஆகவே அன்றைய மாத்திரைக்கு அன்றைய சீட்டு நியாயமே. ஆனால் சீட்டுக்குப் பின்னால் மருத்துவக் காரணம் மட்டுமா இருந்தது? அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கணவன் மனைவிகூட கருத்தடை செய்துகொள்வதைக் குற்றமாக்கிய சட்டம் 1965 வரை இருந்தது. மணமாகாதவர்களுக்கும் கருத்தடைச் சாதனம் பெற உரிமை உண்டு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது 1972-இல். பிரான்ஸ் கருத்தடையைச் சட்டப்படி அனுமதித்தது 1967-இல். ஜப்பானில் குறைந்த அளவு ஹார்மோன் மாத்திரைக்கு அனுமதி கிடைக்க 1999 ஆகிவிட்டது. யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்யும் பழக்கம் இந்த மாத்திரையோடு சேர்ந்தே வளர்ந்திருக்கிறது. ஹார்மோன் அளவு குறைந்த பிறகும் அந்தப் பழக்கம் குறையவில்லை.

இரண்டு வகை, இரண்டு கணக்கு

கருத்தடை மாத்திரை என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் இரண்டு வகை இருக்கிறது. மருந்துக்கடையில் எதை நேரடியாகக் கொடுக்கலாம் என்ற விவாதம் இந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

முதல் வகை கூட்டு மாத்திரை. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்தது. கருமுட்டை வெளிவருவதைத் தடுக்கும். 21 நாள் சாப்பிட்டு 7 நாள் விடுவார்கள், அல்லது அந்த 7 நாளுக்கும் மருந்தில்லாத மாத்திரைகளை அட்டையிலேயே வைத்திருப்பார்கள். சில அட்டைகளில் அந்த ஏழும் இரும்புச்சத்து மாத்திரைகள். அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: கிழமைகளின் பெயரும், எந்தப் பக்கம் போக வேண்டும் என்ற அம்புக்குறியும் அச்சிட்டிருக்கும். இதற்குப் பின்னால் ஒரு கணவர் இருக்கிறார். அமெரிக்காவின் இலினாய்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த டேவிட் வாக்னர் என்ற பொறியாளர், தன் மனைவி இன்றைக்கு மாத்திரை சாப்பிட்டாரா இல்லையா என்ற குழப்பம் அடிக்கடி வந்ததால், 1962-இல் நாள் குறித்த வட்ட டப்பா ஒன்றைச் செய்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதன் வழியில் வந்தவைதான் இன்றைய அட்டைகள். அந்த 7 நாள் இடைவெளியால் உடம்புக்குத் தனியாக ஒரு நன்மையும் இல்லை என்று பிரிட்டனின் பாலியல், இனப்பெருக்க நல மருத்துவர்களின் அமைப்பு 2019-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. அது தெரியாமல், இடைவெளி முடிந்து புது அட்டையை இரண்டு நாள் தாமதமாகத் தொடங்கிக் கர்ப்பமான பெண்கள் உண்டு. கருமுட்டை வெளிவர வாய்ப்பு அதிகமுள்ள சமயம் அந்த இடைவெளியின் முடிவில்தான் வருகிறது.

இரண்டாவது வகை புரோஜெஸ்டின் மட்டும் உள்ளது. ஓபில் இந்த வகை. கர்ப்பப்பை வாயில் உள்ள சளியைக் கெட்டியாக்கி விந்தணு உள்ளே போகாமல் தடுப்பது இதன் முக்கிய வேலை. டெசோஜெஸ்ட்ரல் போன்றவை பெரும்பாலான மாதங்களில் கருமுட்டை வருவதையும் நிறுத்திவிடும். இதில் இடைவெளி கிடையாது, தினமும் சாப்பிட வேண்டும். சிலருக்கு மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வரும், இடையிடையே லேசாக ரத்தம் படும். பயந்துபோய்ப் பலர் மாத்திரையை நிறுத்துவது இதனால்தான். 'இப்படி ஆகலாம், ஆபத்தில்லை' என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் நிறைய பேர் தொடர்ந்திருப்பார்கள்.

ரத்தம் உறையும் ஆபத்துக்கு வருவோம். எஃப்.டி.ஏ. 2012-இல் வெளியிட்ட கணக்கு இது. மாத்திரை சாப்பிடாத, கர்ப்பமாகவும் இல்லாத 10,000 பெண்களில் ஒரு வருஷத்தில் 1 முதல் 5 பேருக்கு ரத்தக்கட்டி வரும். கூட்டு மாத்திரை சாப்பிடுபவர்களில் 3 முதல் 9 பேருக்கு. கர்ப்பிணிகளில் 5 முதல் 20 பேருக்கு. குழந்தை பிறந்த முதல் சில வாரங்களில் 40 முதல் 65 பேருக்கு. மாத்திரையால் ஆபத்து கூடுகிறது என்பது உண்மை. மாத்திரை கிடைக்காமல் கர்ப்பமானால் அதைவிடக் கூடுகிறது என்பதும் உண்மை. முதல் உண்மையை மட்டும் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு இரண்டாவதைச் சொல்லாமல் விடுவதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

புற்றுநோய் பற்றியும் முழுக் கணக்கைச் சொல்ல வேண்டும். மாத்திரை சாப்பிடும் காலத்தில் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சிறிதளவு கூடுகிறது, புரோஜெஸ்டின் மட்டும் உள்ள வகையிலும் அப்படித்தான். நிறுத்திய பிறகு அது மெல்ல மெல்லக் குறைந்துவிடும். இளம் வயதில் அந்த நோய் அரிது என்பதால் கூடும் எண்ணிக்கையும் சிறியது. மறுபுறம், கூட்டு மாத்திரை சினைப்பைப் புற்றுநோயையும் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோயையும் குறைக்கிறது. அந்தப் பாதுகாப்பு மாத்திரையை நிறுத்திப் பல வருஷம் ஆன பிறகும் நீடிக்கிறது.

யாருக்கு எது ஆகும், எது ஆகாது என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 1996-லிருந்து ஒரு வழிகாட்டியை வெளியிட்டுப் புதுப்பித்து வருகிறது. ஒவ்வொரு உடல்நிலைக்கும் 1 முதல் 4 வரை எண். 1 என்றால் தாராளமாகச் சாப்பிடலாம், 4 என்றால் கூடவே கூடாது. கூட்டு மாத்திரைக்கு 4 வாங்கும் நிலைகள் பல உண்டு. 35 வயதைக் கடந்து ஒரு நாளைக்கு 15 சிகரெட்டுக்கு மேல் பிடிப்பவர், ரத்த அழுத்தம் 160/100-க்கு மேல் உள்ளவர், கண்ணில் மின்னல் கோடுகள் தெரிந்த பிறகு ஒற்றைத் தலைவலி வருபவர், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டு பிரசவமாகி ஆறு வாரம் ஆகாதவர் என்று அந்தப் பட்டியல் போகும். புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரைக்கு இந்தப் பட்டியல் மிகச் சின்னது. மார்பகப் புற்றுநோய் இப்போது இருப்பது அதில் முக்கியமானது. பிரிட்டன் 2021 ஜூலையில் மருந்தாளுநர் நேரடியாக விற்கலாம் என்று அனுமதித்தது டெசோஜெஸ்ட்ரல் மாத்திரையை. அமெரிக்கா 2023-இல் அனுமதித்தது நார்ஜெஸ்ட்ரல். இரண்டுமே இந்த வகையாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பரிசோதனை என்பது எவ்வளவு?

டாக்டர் பார்க்காமல் கொடுத்தால் ஆபத்தாகாதா என்று கேட்பவர்கள் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். சரி, டாக்டர் என்ன பார்க்கிறார்? மாத்திரை தொடங்க இடுப்புக்குள் பரிசோதனை தேவையில்லை, மார்பகப் பரிசோதனை தேவையில்லை, ரத்தப் பரிசோதனையும் தேவையில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. கூட்டு மாத்திரைக்கு மட்டும் ரத்த அழுத்தம் பார்ப்பது நல்லது. மீதி எல்லாம் கேள்விகள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தவர் அந்தப் பெண்தான்.

பெண்கள் பட்டியலைப் பார்த்துத் தாங்களே சொன்ன பதிலையும், பிறகு மருத்துவப் பணியாளர் விசாரித்துச் சொன்ன முடிவையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போயின. பெண்களுக்குத் தெரியாமல் போனது பெரும்பாலும் ரத்த அழுத்தம்தான். அதற்கும் ஒரு கருவியும் இரண்டு நிமிஷமும் போதும்.

இன்னொரு ஆய்வு அமெரிக்க-மெக்சிகோ எல்லையில் உள்ள எல் பாசோவில் நடந்தது. அங்கே பெண்களுக்கு இரண்டு வழி இருந்தது. ஊரிலேயே கிளினிக்கில் சீட்டு எழுதி வாங்கலாம், அல்லது எல்லையைக் கடந்து மெக்சிகோவில் சீட்டில்லாமல் வாங்கலாம். இரு தரப்பையும் தொடர்ந்து கவனித்தார்கள். மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்கள் கிளினிக் தரப்பில்தான் அதிகம். கிளினிக்கிலேயே ஒரே தடவையில் நிறைய அட்டைகள் வாங்கியவர்கள் மட்டும் நன்றாகத் தொடர்ந்தார்கள். கடையில் வாங்கினால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரமாட்டார்கள் என்ற பயமும் அங்கே அவ்வளவாகப் பலிக்கவில்லை. பெரும்பாலோர் அந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டிருந்தார்கள். அப்படியே வராவிட்டாலும், ஒரு பரிசோதனைக்கு வரவழைப்பதற்காக இன்னொரு மருந்தைப் பிடித்துவைப்பது சரியில்லை. அந்தப் பரிசோதனை முக்கியமானது, அதற்குத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும்.

அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் சங்கமே 2012-இல் சீட்டு வேண்டாம் என்றது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட சுயபராமரிப்பு வழிகாட்டியில், கருத்தடை மாத்திரை சீட்டில்லாமல் கிடைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. மருத்துவ உலகில் இதைப் பற்றிய விவாதம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்றே சொல்லலாம்.

கவுன்ட்டரின் இந்தப் பக்கம்

சீட்டு போய்விட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. மருந்துக்கடை கவுன்ட்டரே ஒரு தடையாக மாற முடியும், பல இடங்களில் மாறியும் இருக்கிறது.

ஒரு பெண் வந்து கருத்தடை மாத்திரை கேட்கிறார். மருந்தாளுநர் அவரிடம் கேட்க வேண்டியவை உண்டு. வயது என்ன? புகை பிடிப்பதுண்டா? பி.பி. கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? தலைவலி எப்படி வரும்? காலிலோ நுரையீரலிலோ எப்போதாவது ரத்தம் கட்டியிருக்கிறதா? சமீபத்தில் பிரசவம் ஆனதா, பால் கொடுக்கிறீர்களா? மார்பகப் புற்றுநோய் வந்ததுண்டா? காரணம் தெரியாமல் ரத்தப்போக்கு இருக்கிறதா? வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து சாப்பிடுகிறீர்களா? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கார்பமாசெபைன், ஃபெனிடாயின், ரிஃபாம்பிசின் போன்ற மருந்துகள் கல்லீரலைத் தூண்டி ஹார்மோனைச் சீக்கிரம் கரைத்துவிடும், மாத்திரை வேலை செய்யாமல் போகலாம். சாதாரணமாக எழுதிக்கொடுக்கும் மற்ற ஆன்டிபயாட்டிக் மருந்துகளால் இந்தச் சிக்கல் வருவதில்லை.

கேட்கக் கூடாதவையும் உண்டு. கல்யாணம் ஆகிவிட்டதா? கணவருக்குத் தெரியுமா? யாருக்காக வாங்குகிறீர்கள்? இந்தப் பதில்களில் ஒன்றுகூட மாத்திரை ஆகுமா ஆகாதா என்பதை மாற்றாது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியில் மணமானவர், ஆகாதவர் என்று வரிசை எதுவும் கிடையாது. உடம்பைப் பற்றிய கேள்விகள் அந்தப் பெண்ணைக் காப்பாற்றும். வாழ்க்கையைப் பற்றிய கேள்விகள் அவரைக் கடையை விட்டுத் துரத்தும். பல கவுன்ட்டர்களில் முதல் வகைக் கேள்வி ஒன்றுகூட வருவதில்லை, இரண்டாம் வகை மட்டும் வருகிறது. இந்த இரண்டையும் இடம் மாற்றுவதுதான் உண்மையான சீர்திருத்தம் என்பேன்.

அதைச் செய்ய மருந்தாளுநருக்குப் பயிற்சி வேண்டும், பேச ஒரு மறைவான இடம் வேண்டும், அந்தப் பேச்சுக்கு ஊதியமும் வேண்டும். பின்னால் நாலு பேர் நிற்கும்போது 'ரத்தப்போக்கு இருக்கிறதா' என்று உரக்கக் கேட்டால் எந்தப் பெண்ணும் உண்மையைச் சொல்ல மாட்டார். கேள்விகளை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்து 'ஆம், இல்லை' என்று குறிக்கச் சொன்னாலே பாதிச் சங்கடம் தீர்ந்துவிடும்.

மனசாட்சியைச் சொல்லி விற்க மறுக்கும் மருந்தாளுநர்களும் சில நாடுகளில் உண்டு. அவருக்கு விருப்பமில்லை என்றால் அதே கடையில் இன்னொருவர் உடனே கொடுக்க ஏற்பாடு இருக்க வேண்டும். சுற்றுவட்டாரத்தில் ஒரே கடை இருக்கும் இடத்தில், அந்த ஒருவரின் மறுப்பே அங்குள்ள எல்லாப் பெண்களுக்கும் தடையாகிவிடுகிறது.

வயதும் அப்படித்தான். அமெரிக்காவில் மருந்தாளுநரே மாத்திரையை எழுதிக்கொடுக்கலாம் என்று 2016-இல் முதலில் நடைமுறைப்படுத்திய மாநிலம் ஓரிகன். ஆனால் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் முன்பு ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்த அத்தாட்சியைக் காட்ட வேண்டும் என்றது அந்தச் சட்டம். இளம் பெண்களுக்கு ரத்தக்கட்டி ஆபத்து வயதானவர்களைவிடக் குறைவு. மருத்துவப்படி பார்த்தால் அந்த வயது வரம்புக்குக் காரணம் கண்டுபிடிப்பது கடினம். ஓபிலுக்கு எஃப்.டி.ஏ. வயது வரம்பே வைக்கவில்லை.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று அவசரக் கருத்தடை மாத்திரை. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் சாப்பிடுவது. இது அமெரிக்காவில் 2006-இலேயே 18 வயதானவர்களுக்குச் சீட்டில்லாமல் கிடைத்தது, நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2013-இல் வயது வரம்பும் போனது. அதாவது பத்து வருஷத்துக்கு மேல், தடுப்பதில் பலம் குறைந்த அவசர மாத்திரையைச் சுலபமாக வாங்கலாம், பலம் அதிகமான தினசரி மாத்திரைக்கு டாக்டரிடம் போக வேண்டும் என்ற நிலை. இப்படித் தலைகீழாக இருக்கும் நாடுகள் இன்னும் பல. அவசர மாத்திரையையே மாதாமாதம் திரும்பத் திரும்ப வாங்கும் பெண்களைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர்களுக்குக் கேள்வியில்லாமல் கிடைத்தது அது ஒன்றுதான்.

அந்தத் தருணத்தையே நல்ல வழியாக மாற்ற முடியும் என்று பிரிட்டனில் நடந்த ஒரு ஆய்வு காட்டியது. 2020-இல் லான்செட் இதழில் வெளியானது. அவசர மாத்திரை வாங்க மருந்துக்கடைக்கு வந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு, கூடவே மூன்று மாதத்துக்கான புரோஜெஸ்டின் மாத்திரைகளையும், பாலியல் நல மருத்துவமனைக்குச் சீக்கிரம் போக ஒரு அட்டையையும் கொடுத்தார்கள். நான்கு மாதம் கழித்து அவர்களில் 58 சதவீதம் பேர் பலன் தரும் கருத்தடை ஒன்றைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். வழக்கமான முறையில் அனுப்பப்பட்டவர்களில் அது 41 சதவீதத்தைத் தொடவில்லை. அந்த மருந்தாளுநர்கள் கூடுதலாகச் செய்தது சில நிமிஷப் பேச்சும் ஒரு பொட்டலமும்தான்.

எத்தனை அட்டை, யார் பணம்?

பலர் கவனிக்காத விஷயம் ஒன்று: ஒரு தடவைக்கு எத்தனை அட்டை கொடுக்கிறார்கள் என்பது. கலிபோர்னியாவில் அரசுத் திட்டத்தின் கீழ் மாத்திரை வாங்கிய பெண்களைப் பற்றிய 2011 ஆய்வில், ஒரு வருஷத்துக்கானதை மொத்தமாக வாங்கியவர்கள் எதிர்பாராமல் கர்ப்பமாகும் வாய்ப்பு, ஒன்றோ மூன்றோ அட்டை வாங்கியவர்களைவிட 30 சதவீதம் குறைவு. காரணம் ரொம்ப சாதாரணம். தவறாமல் சாப்பிட்டால் ஒரு வருஷத்தில் 1,000 பேரில் 3 பேர்தான் கர்ப்பமாவார்கள். நடைமுறையில் அது 70 பேர் வரை போகிறது. இந்த இடைவெளியில் ஒரு பங்கு மறதி, இன்னொரு பங்கு அட்டை தீர்ந்துபோய் அடுத்தது வாங்க முடியாமல் விட்டுப்போன நாட்கள். ஒவ்வொரு மாதமும் வேலைக்கு லீவு, பயணம், கையில் காசு, கடையில் இருப்பு எல்லாம் கூடிவர வேண்டும். ஒரு மாதம் ஒன்று தவறினால் போதும்.

காசு விஷயத்தில் சீட்டில்லாத விற்பனைக்கே ஒரு பக்கவிளைவு உண்டு. காப்பீடோ அரசோ சீட்டு இருந்தால்தான் பணம் கொடுக்கும் என்ற இடங்களில், சீட்டு போனதும் செலவு பெண்ணின் கைப்பையிலிருந்து போகிறது. அலைச்சலை மிச்சப்படுத்திப் பணத்தை வாங்கிக்கொண்டால் ஏழைப் பெண்ணுக்கு வாசல் திறந்ததாக அர்த்தமில்லை. இதைச் சில அரசுகள் புரிந்துகொண்டிருக்கின்றன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2023 ஏப்ரலில் கருத்தடை மருந்துகளை இலவசமாக்கியது, அதே வருஷம் ஜூன் மாதத்திலிருந்து மருந்தாளுநர்களே அவற்றை எழுதிக்கொடுக்கலாம் என்றது. இங்கிலாந்தில் 2023 டிசம்பரிலிருந்து, டாக்டரிடம் போகாமல் மருந்தாளுநரிடமே கூட்டு மாத்திரை உள்பட இரண்டு வகையையும் இலவசமாகத் தொடங்க முடிகிறது. அவர் பி.பி. பார்த்து, கேள்விகள் கேட்டுக் கொடுக்கிறார். வாசலும் திறக்க வேண்டும், செலவும் பெண்ணின் தலையில் விழக் கூடாது என்றால் இந்த வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

உலகம் முழுக்க மாத்திரை சாப்பிடும் பெண்கள் 15 கோடியே 10 லட்சம் பேர் என்பது ஐ.நா.வின் 2019 கணக்கு. கர்ப்பம் வேண்டாம் என்று நினைத்தும் நவீனக் கருத்தடை எதையும் பயன்படுத்தாதவர்கள் 25 கோடியே 70 லட்சம் பேர் என்று ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2022 அறிக்கை சொன்னது. எல்லோரும் மாத்திரை இல்லாததால் அப்படி இருக்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. பக்கவிளைவு பயம், வீட்டு எதிர்ப்பு, தகவல் இல்லாமை எல்லாம் உண்டு. ஆனால் பயத்தையும் தகவலின்மையையும் தீர்க்கக்கூடிய ஆளும் அதே மருந்துக்கடையில்தான் நிற்கிறார்.

இப்போது கடையில் வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு

சீட்டில்லாமல் வாங்குகிறீர்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றால், முதலில் அட்டையில் எழுதியிருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். எத்தினைல் எஸ்ட்ரடையால் என்று இருந்தால் அது கூட்டு மாத்திரை. பி.பி. ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கேள்விகளில் ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' என்றால், அதைத் தொடங்கும் முன் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ பேசுங்கள். உங்களுக்கு ஏற்ற வேறு வகை இருக்கும்.

கூட்டு மாத்திரையில் ஒன்று மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் சாப்பிட்டுவிட்டுத் தொடரலாம். இரண்டோ அதற்கு மேலோ தவறினால் மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே ஏழு நாளைக்கு ஆணுறையும் வேண்டும். நார்ஜெஸ்ட்ரல் என்றால் மூன்று மணி நேரம் தாமதமானாலே உடனே ஒன்றைச் சாப்பிட்டு, அடுத்த 48 மணி நேரம் ஆணுறை பயன்படுத்த வேண்டும். டெசோஜெஸ்ட்ரலுக்கு 12 மணி நேரம் வரை அவகாசம் உண்டு. பால்வினை நோய்களை எந்த மாத்திரையும் தடுக்காது, அதற்கு ஆணுறைதான்.

ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இதுவரை வந்திராத கடுமையான தலைவலி, பார்வை மங்குவது, முகமோ கையோ ஒரு பக்கம் மரத்துப்போவது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது அந்த மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப்போங்கள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டருக்கு உடனே தெரியும்.